பால் நேரத்துத் தெப்பம்

சாமியாடிக்கொண்டிருந்த கோடாங்கியின் தோளைத் தட்டி, "அண்ணே, பீடிக்கு நெருப்பு இருக்கா?" என்று கேட்டவன் நான். அதற்காக என் மாமனார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பெரிய மரத்தில் முனி குடியிருக்கிறது என்று தோட்டமே பயந்தது. நான் ஒரு கட்டு பீடிக்குப் பந்தயம் கட்டி அதன் அடியில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் மாஸ்டர், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை, வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது யாரோ சொன்ன கதை இல்லை. காலை பத்தரை மணிக்கு, பட்டப்பகலில், என் இரண்டு கையாலும் நான் செய்த வேலை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சுதந்திரத்தில் எங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்பது வேறு பேச்சு, அதை ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. எங்கள் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கொத்மலை ஓயா ஓடியது. நாங்கள் குடியிருந்த லயங்கள், ஸ்டோர், மருந்துக் காம்பரா, பிள்ளைக் காம்பரா எல்லாம் இக்கரையில். அக்கரையில் வெறும் தேயிலை மலைதான், ஏழாம் நம்பர் மலையும் எட்டாம் நம்பர் மலையும். பாலத்தைச் சுற்றிப் போனால் ஏழு மைல். அதனால் தோட்டத்துக்கென்று ஒரு தெப்பம் வைத்திருந்தார்கள். எட்டுத் தார் பீப்பாய், மேலே பலகை, கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய ஒரு கம்பிக் கயிறு, அவ்வளவுதான். துடுப்பும் கிடையாது, இஞ்சினும் கிடையாது. இரண்டு ஆள் தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பில் ஆற்றைப் பார்த்து நின்று, கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்து இழுக்க இழுக்கத் தெப்பம் நகரும். காலையில் கொழுந்து எடுக்கிற பெண்களை அக்கரையில் கொண்டுபோய் விடுவோம், மத்தியானம் கொழுந்து மூட்டைகளை ஏற்றி வருவோம், சாயங்காலம் பெண்களைத் திரும்பக் கூட்டி வருவோம்.

என்னோடு இழுத்த மற்ற ஆள் குணபால. கீழே சிங்களக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார், அவர்கள் பாஷையில் அண்ணன், தம்பி. எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும், கெட்ட வார்த்தை இன்னும் நன்றாக வரும். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசவும் மாட்டார், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

இப்போது பால் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் மற்றது விளங்காது. கைக்குழந்தைக்காரிகளும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரும்போதே குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பத்தரைக்கு ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகத் தோட்டத்தில் விடுவார்கள். அக்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இதற்காக ஒரு தனித் தெப்பம். அக்கரைத் துறையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதில் இரண்டு அடி விழுந்தால் பால்காரிகள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், நாங்கள் போய் ஏற்றிவருவோம்.

அந்த நடையில் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. காலையிலிருந்து மார்பில் பால் கட்டி, ரவிக்கையெல்லாம் நனைந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற பெண்கள் அவர்கள். அதனால் தெப்பம் கரையில் தட்டியதும் நாங்கள் இருவரும் கம்பியைப் பார்த்தபடியே நிற்போம், பேச்சுக் கொடுக்க மாட்டோம். பலகையில் விழுகிற காலடியை எண்ணித்தான் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று தெரிந்துகொள்வோம். யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். எனக்கு முன் இருந்தவன் ஒருநாள் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பினானாம். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவனை ஆற்றில் தள்ளிவிட்டுத் தாங்களே கம்பியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்களாம். மறுநாள் அவனைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் பால்காரிகள் நாலு பேர். அதில் ஒருத்தி என் பெண்சாதி செல்லம்மா.

எங்களுக்கு அது மூன்றாவது பிள்ளை. முதலாவது எட்டு நாள் இருந்தது. இரண்டாவது நாற்பது நாள். மூன்றாவது ஆண், மூன்று மாதம் ஆகியிருந்தது, அதற்குப் பேர் வைக்கக்கூட எங்களுக்குப் பயம். எலும்பும் தோலுமாக இருந்தான். டின் பால் கொடுத்தால் உடனே கக்கிவிடுவான், கஞ்சித் தண்ணீர் உள்ளே போகாது. தாய்ப்பால் மட்டும்தான் தங்கும். தோட்டத்து மருந்துக்காரரய்யா பச்சையாகவே சொல்லிவிட்டார், "இவன் வயிறு ஒரு நாள் காஞ்சா தாங்க மாட்டான், அப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வராத." செல்லம்மாவை இக்கரையில் ஏதாவது ஒரு மலையில் போடச் சொல்லிக் கங்காணியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஆள் கணக்கு சரியாக வராது என்று கையை விரித்துவிட்டார். அந்தப் பத்தரை மணி நடைதான் என் பிள்ளைக்கு உயிர் என்று ஆகிப்போனது.

அது ஆடி மாதம். காலையில் தூற்றல்தான், இருபது பெண்களையும் கங்காணியையும் அக்கரையில் விட்டுவிட்டு வந்தோம். எட்டு மணிக்கு மேலே பிடித்தது பாருங்கள் மழை, மேல்மலையில் வானமே பிளந்துகொண்ட மாதிரி. ஒன்பதரைக்குள் ஆறு செம்மண் நிறத்தில் சுருண்டுகொண்டு ஓடியது, மூங்கில் தூரும் வேரோடு மரமும் வந்தன. கூடவே பனி இறங்கி மூடிக்கொண்டது, அக்கரை தெரியவில்லை, கம்பி நடு ஆற்றில் போய் எங்கேயோ மறைந்தது. கங்காணிகளுக்கெல்லாம் மேலதிகாரியான கண்டாக்கய்யா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "தெப்பத்தைக் கட்டு. நான் சொல்ற வரைக்கும் யாரும் கைய வைக்கப்படாது. மீறினா ரெண்டு பேருக்கும் பத்துச்சீட்டக் கிழிச்சி வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணீரைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் துறையில் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். பிள்ளைக் காம்பரா துறைக்கு மேலே, ஐம்பது படி ஏறினால் வந்துவிடும். அங்கிருந்து பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. எல்லாச் சத்தத்திலும் என் பிள்ளையின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரிந்தது, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெலிசான சத்தம். கொஞ்ச நேரத்தில் அது மட்டும் நின்றுபோனது. அழத் தெம்பில்லாமல் நின்றிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் அக்கரையில் தண்டவாளம் இரண்டு தரம் அடித்தது.

அந்த வெள்ள இரைச்சலைத் தாண்டி அக்கரையிலிருந்து எந்தச் சத்தமும் வந்து சேராது. ஆனால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது, நான் மட்டும் கேட்கவில்லை, குணபாலவும் தலையை நிமிர்த்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், மேலே பிள்ளைக் காம்பராவைப் பார்த்தார், காறித் துப்பினார்.

"எந்திரி மல்லி, போவோம்."

"அய்யே, வேல போயிரும். வேல போனாக்கூடப் பரவால்ல, உசுரு போயிரும்."

"என் வீட்ல என்னத் தேடி அழ ஒருத்திதான் இருக்கா. ஒன் வீட்ல அழுறது சின்னது. எந்திரிடா."

மாஸ்டர், அந்த மனுஷனுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவன். அவரும் நானும் ஒரு தாய் வயிற்றில் பிறக்கவில்லை, ஒரே சாமியைக் கும்பிடவில்லை. சாக்கைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன், அவிழ்த்துவிட்டோம். நடு ஆற்றில் ஒரு மரம் வந்து பீப்பாயில் இடித்தது, தெப்பம் ஒரு பக்கம் தூக்கி விழுந்தது. கம்பி வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது. மாரியாத்தா, காளியாத்தா, நம்பாத சாமியையெல்லாம் நான் கூப்பிட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கரை தட்டியதும் வழக்கப்படி கம்பியைப் பார்த்து நின்றோம். திரும்பியிருந்தாலும் பனியில் ஒன்றும் தெரிந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் நாங்கள் திரும்பவில்லை. பலகையில் காலடி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தேன். நாலாவது ஆள் ஏறியதும் என் தலைமேல் ஒரு கை வந்தது. நனைந்த கை, கொழுந்து வாசனை அடித்தது. என் தலையில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, அப்புறம் எடுத்துக்கொண்டது. செல்லம்மா ஒரு நாளும் அப்படிச் செய்தவள் இல்லை, நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுவாள். இன்றைக்கு மனசு உடைந்திருக்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி ஒரு வார்த்தை சொல்லலாமா என்றுகூட இருந்தது. வழக்கத்தை மீறக்கூடாது என்று கம்பியை இழுத்தேன்.

திரும்பி வரும்போது குணபால மெதுவாகச் சொன்னார், "மல்லி, தெப்பம் லேசா இருக்கு." எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலு பேர் ஏறினால் கையில் ஒரு கனம் தெரியும், அன்று அது இல்லை. வெள்ளம் தூக்கிக் கொடுக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் வேறென்ன நினைக்க முடியும்?

இக்கரையில் நாலு காலடியும் இறங்கிப் படியேறிப் போயின. நாங்கள் கம்பிக்குக் கீழேயே குந்தி, நனைந்த பீடியைப் பற்ற வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே பிள்ளைகளின் அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. அது அடங்க அடங்க எனக்கு உயிர் திரும்பி வந்தது. கால் மணி நேரம் இருக்கும், காலடிகள் இறங்கி வந்தன, நாலையும் எண்ணினேன், அக்கரையில் கொண்டுபோய் விட்டோம், வெறும் தெப்பத்தோடு திரும்பினோம். கரைக்கு வந்து கட்டும்போதுதான் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தோம். மரம் இடித்ததில் இரண்டு பீப்பாய் பிளந்து தண்ணீர் நிரம்பியிருந்தது.

குணபால குனிந்து, பிளந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தார். "இதுல நாலு பேரு ஏத்தி நாம எப்படி வந்தோம்?" என்றார்.

மத்தியானம் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். ஆயாம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆயாம்மா என்றால் கிழவி இல்லை, நாற்பது வயதுக்காரி, புருஷனை இழந்தவள், தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்ததுகள்தான். என் பிள்ளை வாயோரத்தில் பால் காய்ந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு நிரம்பி உப்பியிருந்தது.

"வந்து குடுத்துட்டாளா?" என்று கேட்டேன்.

"நாலு பேரும் வந்து குடுத்துட்டுத்தான் போனாங்க" என்றாள் ஆயாம்மா. வழக்கமாக என்னைக் கண்டால், 'வாய்யா கப்பல்காரா' என்று கேலி பேசுகிறவள், அன்று அதோடு நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். மழையில் அவளுக்கும் அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தண்ணீர் துறையையே மூடிவிட்டது. பாலத்துப் பாதையிலும் தண்ணீர் ஏறிவிட்டது, கொழுந்துக்காரிகளைக் கூட்டி வர வழியில்லை. அக்கரை மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது, கூரை போட்டது, அங்கேயே இருந்துவிடுவார்கள் என்று கண்டாக்கய்யா சொன்னார். நான் பிள்ளையை லயத்துக்குத் தூக்கி வந்தேன். ராத்திரி பூராவும் எழுந்து எழுந்து பார்த்தேன், நம்பினால் நம்புங்கள், அவன் ஒரு தரம்கூட அழவில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் பாலுக்குக் கத்துகிற பிள்ளை, விடிந்து வெயில் வருகிற வரை நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் பீப்பாய்களை மாற்றிக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு அக்கரை போனோம். பனி இல்லை, எல்லாரும் துறையில் நின்றார்கள். தெப்பம் தட்டுவதற்கு முன்பே செல்லம்மா தண்ணீரில் இறங்கி ஓடி வந்தாள். என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். ராத்திரி முழுக்க அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"புள்ள இருக்கா? சொல்லுய்யா, புள்ள இருக்கா?"

"இருக்கான், நல்லாத் தூங்குறான். ஏன்டி இப்பிடி அடிக்கிற?"

"ஏன்யா வரல? ஒரு நாளு முழுக்கப் பட்டினி போட்டுட்டியேய்யா!"

"பட்டினியா? நீதானே வந்து குடுத்துட்டுப் போன?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் இன்னும் அழ ஆரம்பித்தாள். மற்ற மூன்று பேரும் வந்துவிட்டார்கள். நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, கடைசியில் கங்காணி நடுவில் புகுந்தார். "ஏய் ராமையா, காலையிலயே போட்டிருக்கியா? ஒம்போது மணிக்கு மலை சரிஞ்சி துறைக்கு வர்ற பாதையே அடைச்சிக்கிச்சு. நாங்க அத்தன பேரும் மடுவத்துக்குள்ளதான் கெடந்தோம். இப்ப விடிஞ்சப்புறம் மண்ண வெட்டித்தான் எறங்கி வந்தோம். இங்க யாரு வந்தா, யாரு ஏறுனா?" என்றார். அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். பாதை இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குப் புது மண், நடுவில் வெட்டிய வழி.

செல்லம்மாவின் உடம்பு கொதித்தது. பால் கட்டிக் காய்ச்சல். மார்பு கல் மாதிரி ஆகிவிட்டது, வலி தாங்காமல் மடுவத்துக்குப் பின்னால் போய்ப் பிழிந்து மண்ணில் விட்டாளாம், மண்ணில் விடுறேனே, என் பிள்ளைக்கு இல்லையே என்று அழுதுகொண்டே விட்டாளாம், அவளே சொன்னாள். அப்படியென்றால் என் பிள்ளையின் வயிறு எப்படி நிரம்பியது? என் தலையில் யார் கையை வைத்தது? கோடாங்கியிடம் நெருப்புக் கேட்டவன் நான், அன்று கம்பியை இழுக்கவே மறந்து நின்றேன், குணபாலதான் என் பங்கையும் சேர்த்து இழுத்தார்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒன்று கேட்பார்கள், நீங்களும் கேட்கப்போகிறீர்கள். அந்தத் துறையில் முன்னே யாராவது கைக்குழந்தைக்காரி முழுகிச் செத்தாளா என்று. இல்லை மாஸ்டர். தோட்டத்தில் வயதானவர்கள் எல்லாரையும் கேட்டுவிட்டேன், குணபால கிராமத்தில் விசாரித்துவிட்டார். தெப்பம் போட்ட நாளிலிருந்து அங்கே ஓர் ஆடு கூடச் செத்ததில்லை. செத்திருந்தாலாவது ஒரு கதையாகச் சொல்லி முடித்துவிடலாம்.

எனக்குப் பயம் பிள்ளையைப் பற்றித்தான். எதன் பாலைக் குடித்தானோ, அது உள்ளே போய் என்ன செய்யுமோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோடாங்கியே வந்துவிட்டான், பழசை மறக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். பிள்ளைக்கு வேப்பிலை அடித்து மந்திரிக்க வேண்டும், துறையில் கோழி அறுத்து, வந்த ஆவியைக் கட்டி வைக்க வேண்டும் என்றான். நானும் சரி என்றுதான் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்த செல்லம்மா எழுந்து நின்றாள். அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"எம்புள்ளைக்குப் பால் குடுத்தவளக் கட்டி வப்பியா? அவ யாரா வேணா இருக்கட்டும். நான் இல்லாத நேரம் வந்து எம்புள்ளைய உசுரோட வச்சிட்டுப் போயிருக்கா. போ வெளிய."

கோடாங்கி போய்விட்டான். அதற்கப்புறம் பால் நடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். நாலு பேரும் ஏறினால் தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. காலடியை எண்ணும்போதுதான் புரிந்தது, நாலு பேரும் ஒரே ஓரமாக நெருக்கி நின்று, இன்னும் நாலு பேருக்கு இடம் விடுகிற மாதிரி மற்றப் பாதியை வெறுமனே விட்டு வந்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. நாங்களும் கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிள்ளைகள் பால் மறக்கிற வரை அப்படித்தான் வந்து போனார்கள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் டின் பாலும் உள்ளே போனது, கஞ்சியும் போனது. ஆறு மாதத்தில் தொடையில் சதை மடிப்பு விழுந்தது. தைரியமாகப் பேர் வைத்தோம். குணபால வாரத்தில் ஒருநாள் வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றோரம் நடந்துவிட்டு வருவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும், "மல்லி, நாலு கால் சத்தம் நானும் எண்ணினேன். அதுக்கு மேல கேக்காத" என்பார். சாகிற வரை அதே பதில்தான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஏழெட்டு வருஷம் கழித்து எங்கள் துறையிலேயே ஆற்றுக்குப் பாலம் போட்டுத் தெப்பத்தை நிறுத்திவிட்டார்கள், என்னை ஸ்டோரில் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆயாம்மா இந்தியாவுக்குப் போகிறாள் என்று தெரிந்தது. அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது, இங்கே நமக்கு நாடில்லை என்று தம்பி குடும்பம் போகிறது, அவர்களோடு ஒட்டிக்கொண்டு போகிறாள். வட்டகொடை ஸ்டேஷனில் வழியனுப்பப் பாதித் தோட்டமும் நின்றது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்தால் ரயில் வராமலே இருக்கட்டும் என்று தோன்றும். சிக்னல் விழுந்த பிறகு ஆயாம்மா எங்களிடம் வந்தாள். என் மகன் தலையைத் தடவிக்கொண்டே செல்லம்மாவிடம் சொன்னாள்.

"செல்லம்மா, இத சொல்லாம என்னால கடல் தாண்ட முடியாது. அன்னைக்கு நான் ஒன் மொகத்ததான் பாத்தேன். ஒன் மூக்குத்தி, ஒன் சீல, எல்லாம் நீதான். மத்த மூணு பேரும் அப்பிடித்தான். குடுத்து முடிச்சிட்டு, புள்ளைய எங்கையில குடுக்குறப்ப நீ சொல்ற, 'இவங்கம்மா நாளைக்குக் காலையில வந்துருவா, அது வரைக்கும் பசி தாங்குவான்'னு. இதென்னாடி கூத்து, நீதானே அம்மான்னு நான் சிரிச்சேன். நீ சிரிக்கல. நான் அப்பவே புரிஞ்சிக்கிட்டேன். வெளிய சொன்னா புள்ளைய ஒதுக்கிருவீங்களோன்னு பயந்துதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

ரயில் வந்துவிட்டது. அவள் ஏறினாள், கையை ஆட்டினாள், போய்விட்டாள். அப்புறம் ஒரு கடிதம்கூட வரவில்லை.

நாங்கள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் தோட்டத்துக்கு நடந்தோம். மகன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். செல்லம்மா பின்தங்கியே வந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து, "விடு புள்ள, பழைய கத" என்றேன். அவள் நின்றாள். பயந்த முகமாக இல்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"அதுக்கில்லைங்க. அவங்க நாலு பேருக்கும் பால் இருந்திச்சின்னா, எங்கேயோ அவங்களுக்கும் புள்ளைங்க இருந்திருக்கணுமில்ல? அந்தப் புள்ளைங்களுக்கு அன்னைக்கு யாருங்க குடுத்தா?"

மாஸ்டர், எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, செல்லம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பேய் உண்டா இல்லையா என்று நீங்கள் உங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. அவள் கேட்டதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.